குறுக்கே நின்ற டிராக்டர்

அவருக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு கிடையாது. அவை தேர்த் திருவிழா சமயத்தில் போயின என்று ஊரில் சொல்வார்கள். தவறு. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் அது. மேட்டூர்த் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு அன்று காலைதான் எட்டியிருந்தது. வாய்க்காலில் நுரையும் பழைய செருப்புகளும் மிதந்து வந்ததை விளையாட்டு வீரர்கள் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

கபடியில் அவர் இடது கோடியில் நிற்பவர். பாடி வந்த எதிரணிக்காரனின் கணுக்காலைப் பிடித்தார். அவன் மற்றொரு காலால் அவர் முகத்தில் உதைத்தான். பிடி தளரவில்லை. மறுபடி உதைத்தான். பல் தெறித்து நடுக்கோட்டில் விழுந்தது. நடுவர் விசில் ஊதி, அவுட் என்று கையைக் காட்டியும் அவர் விடவில்லை. நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். அந்தப் பையனின் கணுக்கால் பனங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. அவர் எழுந்து, ரத்தத்தைத் துப்பி, மேசைக்குத் திரும்பியிருந்த என்னைப் பார்த்துக் கேட்டார்:

"என்ன ஸ்கோரு, பாயின்ட்டு போட்டியா?"

பகலில் உரக்கடையில் பில் போடுவது என் வேலை. போட்டி நாட்களில் எங்கள் ஊர் அணிக்குப் புள்ளி எழுதுவேன். அன்று முதல் ஊரில் என் பெயர் ஸ்கோரு. அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது அவர் தங்கை வைத்த நிபந்தனை அது ஒன்றுதான்.

பிடித்ததை விடமாட்டார். வந்தவரைப் போக விடமாட்டார். அவரைப் பற்றி எதைச் சொன்னாலும் இங்கேதான் வந்து நிற்கும்.

வேளாண்மை அலுவலர் ஒருவருக்கு மாற்றல் வந்தது. நல்ல மனிதர். வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக் கயிறும் கட்டிவிட்டார்கள். இவர் போய் நான்கு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டு, லாரிக்கு முன்னால் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். "தண்ணி தொறந்த நேரத்துல நீங்க போயிட்டா வெதநெல்லுக்கு நாங்க யாருகிட்ட நிக்கறது சார்? நடவு முடியட்டும். நானே கொண்டாந்து விடுறேன்." அலுவலர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. போலீஸ் வந்துதான் லாரி நகர்ந்தது. நடவு முடிந்ததும், இவர் ஒரு மூட்டை பச்சரிசியோடு அந்த அலுவலரின் புது ஊருக்கே போய் இறக்கிவிட்டு வந்தார்.

அவர் மனைவி ஒருமுறை கோபித்துக்கொண்டு பையோடு மினிபஸ் ஏறிவிட்டார். இவர் ஓடும் பஸ்ஸின் படியில் தொற்றி அவர் கையைப் பிடித்து இழுத்தார். மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. அந்த அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு எலும்புக்குக் கட்டுக் கட்டுகிறவரிடம் ஓடினார். கட்டுப் பிரிக்கும்வரை மூன்று வேளையும் சோற்றைப் பிசைந்து ஊட்டினார். அந்த அம்மா என் மனைவியிடம் சொன்னது: "ஒடிச்சதும் அந்தக் கைதான், ஊட்டுனதும் அந்தக் கைதான். நான் எதப் பாத்துக் கும்புடுறது, எதப் பாத்துத் துப்புறது?"

எங்கள் பழைய திடலைப் பற்றிச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. பிள்ளையார் கோயில் திடல். மூன்று பக்கமும் வீடுகள், நாலாவது பக்கம் குளம். உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே சந்து. ஒரு வண்டி போகலாம், எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்ட வேண்டும். வெளியூர் அணி உள்ளே வந்ததும் அவர் தன் டிராக்டரை இழுவைப் பெட்டியோடு கொண்டுவந்து அந்தச் சந்தின் வாயில் குறுக்கே நிறுத்துவார். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொள்வார். பிறகு கோட்டோரம் வந்து கைகட்டி நிற்பார். அவ்வளவுதான். யாரையும் மிரட்ட மாட்டார்.

பாடப் போகிற வெளியூர்ப் பையன் நடுக்கோட்டைத் தாண்டும்போது அவன் கண்ணுக்கு நேரே அந்த டிராக்டர் தெரியும். கூரைகளில் எங்கள் பெண்கள் நிற்பார்கள். வாய்க்கு வந்தது வரும். "ஏய் நெட்டக்கொக்கு, உங்கம்மா ஒன்ன முழுசாத்தான அனுப்புனா? எண்ணி வச்சுக்கச் சொல்லு." அவன் மூச்சு அங்கேயே பாதியாகிவிடும்.

இதை நான் அப்போதே கவனித்திருந்தேன். அதே ஏழு பேர் வெளியூர் போனால் சின்னச் சின்ன அணிகளிடம் எல்லாம் தோற்று, வேனில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வருவார்கள். பிள்ளையார் திடலில் அவர்களை யாரும் வென்றுவிட்டுப் போனதில்லை. எங்கள் அணியின் பலம் ஆட்களிடம் இல்லை, அந்தச் சந்தில் இருந்தது. அவரிடம் இதைச் சொன்னபோது அவர் வியக்கவில்லை. "வாசல் தெரியிற எடத்துல மாடு நின்னு முட்டாது ஸ்கோரு. ஓடத்தான் பாக்கும்" என்றார். "நம்ம பயலுவளுக்கும் அதே கததான். தோத்தா எந்த வழியா போவான்? ஆத்தா முன்னாடி போவணும், கட்டிக்கப் போறவ முன்னாடி போவணும். அதுக்கு ஜெயிச்சுட்டுப் போயிடலாம்."

ஒரே ஒருமுறை மன்னார்குடிப் பக்கத்து அணி ஒன்று அங்கே வென்றது. முடிந்த பிறகும் டிராக்டர் நகரவில்லை. அவர்கள் முதலில் கேட்டார்கள், பிறகு கெஞ்சினார்கள், பிறகு தள்ளினார்கள். கூரையிலிருந்து ஓட்டுச்சில் ஒன்று வந்து அவர்களின் கேப்டன் தலையைப் பிளந்தது. அவர் பதறாமல் ஒரு துண்டைக் கிழித்துத் தன் கையாலேயே தலைக்குக் கட்டுப் போட்டுவிட்டு, "இன்னொரு ஆட்டம் ஆடிடலாமா தம்பி? மொதல் ஆட்டத்துல கோடு சரியாப் போடல" என்றார். ஆடினார்கள். தோற்றார்கள். டிராக்டர் ஒதுங்கியது. பிறகு எல்லோருக்கும் இலை போட்டுக் கறிக்குழம்பு. அந்தக் கேப்டனுக்கு அவரே பரிமாறினார். "வெக்கப்படாம சாப்புடுங்க. தோத்துட்டுச் சாப்புடுற சோறு செரிக்கும். ஜெயிச்சுட்டு வயித்தக் காயப்போட்டுட்டு எங்க போவப்போறீங்க?" அந்தப் பையன் சாப்பிட்டான். கட்டிலிருந்து ஒரு சொட்டு இலையோரம் விழுந்தது. அதை விரலால் வழித்துவிட்டுச் சாப்பிட்டான். நான் அன்று சாப்பிடவில்லை. ஆனால் அந்த இரண்டாவது ஆட்டத்தை எங்கள் வெற்றி என்றுதான் எழுதினேன்.

கஜா புயல் அடித்த வெள்ளிக்கிழமை விடியலில் திடலைச் சுற்றி ஒரு கூரை மிஞ்சவில்லை. திரும்பக் கட்டியவர்கள் ஆளுக்கு இரண்டடி, மூன்றடி முன்னால் வந்தார்கள். திடல் ஒரு முற்றம் போல ஆகிவிட்டது. அதன்பிறகு ஊராட்சிக்குப் புது விளையாட்டு மைதானம் ஒதுக்கினார்கள். சிமென்ட் படிகளோடு, கம்பி வேலியோடு. எங்கே கட்டுவது என்பதற்குக் கிராமசபை கூடியது. ஒரு பக்கம் குளத்தங்கரைப் புறம்போக்கு. ஊருக்குள், அந்தப் பழைய சந்தின் ஓரம். இன்னொரு பக்கம் திருத்துறைப்பூண்டி ரோட்டை ஒட்டிய தரிசு. ரோட்டுக்கும் தரிசுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால், அதற்கு ஒரு சின்னப் பாலம், சுற்றிலும் வயல்.

எல்லோருக்கும் ரோடுதான் வேண்டியிருந்தது. அவர் மட்டும் எழுந்தார்.

"ரோட்டோரம் போட்டா டீமு செத்துடும்."

"என்னங்க மாமா இப்படிப் பேசுறீங்க?" என்றார் ஊராட்சித் தலைவர் அம்மா. "பஸ்சு நிக்கும், நாலு பேரு பாப்பாங்க, கட வரும்."

"பாக்குறவன் வருவாம்மா. பயப்படுறவன் எப்படி வருவான்? அங்கேருந்து ஒருத்தன் பஸ்ஸப் பாத்துக்கிட்டே ஆடலாம். நம்ம பொம்பளைவோ அவ்வளவு தூரம் வருவாங்களா? கூரை ஏது? சத்தம் ஏது? வயக்காட்டுல நின்னு கத்துனா கொக்குதான் பறக்கும்."

கூட்டம் சிரித்தது. அப்போது அவர் தங்கை மகன் எழுந்தான்.

எதிரணிக்குள் பாடிப் போகிறவர்களில் எங்கள் அணியின் முதல் பாட்டுக்காரன் அவன். தகப்பன் பாம்பு கடித்து இறந்தபோது கைக்குழந்தை. மாமன் வீட்டில் வளர்ந்தவன். மாமன் அவனை வளர்த்த விதத்தை உழுத சேற்றில் பார்த்திருக்கிறேன். காலைப் பிடித்துக்கொண்டு, "உருவிக்கிட்டுப் போ" என்பார். உருவ முடியாவிட்டால் முதுகில் அறை விழும். உருவிவிட்டாலும் விழும், ஏன் உருவினாய் என்பதுபோல. பையன் அழமாட்டான். அப்படித்தான் அவன் யார் பிடியிலும் நிற்காதவன் ஆனான்.

"மாமா," என்றான், "ரோட்டோரம்னா செலக்ஷனுக்கு ஆளு எடுக்குறவங்க வந்து பாப்பாங்க. ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலை கெடைக்கும். அந்தச் சந்துக்குள்ள யாரு வருவா?"

"உள்ள வரப் பயப்படணும்டா. அதான் கிரவுண்டு."

"எல்லாரும் பயந்துக்கிட்டே இருந்தா என்னைய எவன் பாப்பான்?"

அவர் அவனையே பார்த்தார். "நீ போறதுக்குத்தான ரோடு கேக்குற" என்றார். ரோட்டுப் பக்கம் வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னபோது பையனும் தூக்கினான்.

மைதானம் ரோட்டோரம் வந்தது. அவர் சொன்னதும் வந்தது. முதல் பொங்கல் போட்டியிலேயே எங்கள் அணி கால் இறுதியைத் தாண்டவில்லை. அவர் பழக்கத்தை விடாமல் டிராக்டரைக் கொண்டுவந்து வாய்க்கால் பாலத்தில் குறுக்கே நிறுத்தியிருந்தார். ஜெயித்த அணிக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டி, வரப்பில் நடந்து, முழங்கால் அளவு வாய்க்காலில் இறங்கி ஏறி, ரோட்டில் நின்று பஸ்ஸை மறித்துப் போய்விட்டார்கள். ஒருவன் ஜன்னலிலிருந்து கத்தினான்: "எங்க வேன நீங்களே வச்சுக்கங்க மாமா. டிரைவருக்கு மட்டும் சோறு போட்டு அனுப்புங்க."

அவர் பாலத்தில் நின்று பஸ் மறையும்வரை பார்த்தார். பிறகு திரும்பி வந்து எங்கள் கேப்டனை அறைந்தார். கேப்டன் திருப்பி அடிக்கவில்லை. ஆனால் கையைப் பிடித்து நிறுத்தினான். "இது அந்தத் திடல் இல்ல மாமா" என்றான்.

அடுத்த பொங்கலுக்கு நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து அணி வந்தது. வலை இழுத்த கைகள். மீன் ஏற்றும் வேனில் வந்திருந்தார்கள். பெட்டிகளை ஓரம் தள்ளிவிட்டு அதற்கு நடுவே உட்கார்ந்து வந்தவர்கள். எங்கள் கூட்டம் மூக்கைப் பிடித்தது. "ஏப்பா, ஐஸ் போட்டுத்தான வந்தீங்க?" என்று ஒருவன் கேட்க, அவர்களின் கேப்டன், "ஒங்களுக்குத்தான் தேவைப்படும்னு பெட்டி நெறைய கொண்டாந்துருக்கோம்" என்றான். ஆட்டத்துக்கு முன்பே கை கலக்கிற நிலை. அதே நாள் ஆள் எடுக்கிற பயிற்சியாளர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். மருமகனைப் பார்க்கத்தான் வந்தார், எல்லோருக்கும் தெரியும். இன்று அவன் நன்றாக ஆடினால் அடுத்த வாரம் சென்னையில் இருப்பான்.

அதற்கு முந்தைய நாள், மாட்டுப் பொங்கல் அன்று, டீக்கடையில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவன் போயிட்டா தங்கச்சி தனியாயிடும் ஸ்கோரு."

"தங்கச்சியா, நீங்களா?" என்றேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கோபத்தில் இல்லை, யோசனையில் பிடித்தார். விட்டபோது ஐந்து விரலும் பதிந்திருந்தது. தை அமாவாசை வரை அந்த அடையாளம் இருந்தது.

காணும் பொங்கல், பிற்பகல். மருமகன் அன்று ஆடியதைப் போல எந்த நாளும் ஆடியதில்லை. போவான், இரண்டு பேரைத் தொடுவான், மூன்றாவது ஆள் பாயும்போது அவன் முதுகின்மேல் கைவைத்துத் தாண்டிக் கோட்டுக்கு வந்துவிடுவான். கடலோரத்துப் பையன்கள் வெறுத்துப்போனார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் அவன் வலது கோடியில் சிக்கினான். ஒருவன் கணுக்காலைப் பிடித்தான், இன்னொருவன் ஓடிவந்து தோளால் இடித்தான். சட்டப்படி சரியான பிடிதான். நான் மேசையிலிருந்து பார்த்தேன். பையன் கோட்டைத் தாண்டிப் பறந்து சிமென்ட் படியில் தலை மோதி விழுந்தான். தேங்காய் உடைகிற சத்தம்.

எழுந்துவிட்டான். கையைத் தூக்கிக் காட்டினான். தண்ணீர் குடித்தான், சிரித்தான், படியில் உட்கார்ந்தான். ஆட்டம் ஒரு புள்ளி வித்தியாசத்தில் கடலோர அணிக்குப் போயிற்று. பயிற்சியாளர் அவனிடம் வந்து குனிந்து பேசி, தோளைத் தட்டிவிட்டு, தன் மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார். இதை எல்லாம் அவர் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி டிராக்டரை நோக்கி நடந்தார்.

அவர் அன்று பாலத்தில் யாரை மறிக்கப் போனார் என்பதை இன்றுவரை நான் தீர்த்து எழுதவில்லை. கடலோரத்து வேனையா, பயிற்சியாளரின் மோட்டார் சைக்கிளையா? நான் கேட்டதில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

அவர் முதுகு மறைந்ததும் மருமகன் வாந்தி எடுத்தான். பேச்சு குழறியது. காதிலிருந்து மெல்லிய ரத்தம். பக்கவாட்டில் சாய்ந்தான். எங்கள் ஆட்கள் கூடி நின்று முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவன் கடலோர அணியின் கேப்டன். "தலயில அடி. ஆம்புலன்ஸுக்கெல்லாம் நிக்காதீங்க. எங்க வண்டில ஏத்துங்க" என்றான். பெட்டிகளைத் தூக்கி வெளியே எறிந்தார்கள். ஐஸ் கட்டிகள் மண்ணில் சிதறின. பையனைக் கிடத்தி, எங்கள் அணியில் இரண்டு பேரும் அவர்கள் அணியில் நான்கு பேரும் ஏறினார்கள். வேன் ஹாரன் அடித்துக்கொண்டு பாலத்துக்குப் போனது.

பாலத்தில் டிராக்டர்.

நான் பின்னாலேயே ஓடினேன். அவர் பார்த்தது ஹாரன் அடித்துக்கொண்டு தப்பி ஓடுகிற வேனைத்தான். டிரைவர் இறங்கி, "அண்ணே, எடுங்கண்ணே, ஒங்க ஆளு உள்ள கெடக்கான்" என்று கை கூப்பினான்.

"எங்க ஆளா? எங்க ஆளு படியில ஒக்காந்து தண்ணி குடிச்சத நான் பாத்தேன்டா. ஜெயிச்சுட்டுப் பொய் வேற சொல்றியா?"

டிரைவர் அவர் இடுப்பில் தொங்கிய சாவியை எட்டினான். அது போதுமாக இருந்தது. இருவரும் பாலச் சரிவில் உருண்டு, அறுப்புக்கு நின்ற சம்பா வயலில் விழுந்தார்கள். அவர் அவனைக் குப்புறத் தள்ளி, கணுக்காலைக் கையில் சுற்றிப் பிடித்து, முதுகில் முழங்காலை ஊன்றினார். டிரைவரின் அலறல் ரோட்டுக்குக் கேட்டது. பாலத்தின்மேல் வேனிலிருந்து இறங்கியவர்களை, சண்டை என்று ஓடிவந்த எங்கள் ஊர்க்காரர்கள் கம்பால் அடித்தார்கள். அவர்கள் மீன் பெட்டியின் பலகையைப் பிடுங்கித் திருப்பி அடித்தார்கள். எங்கள் அணியின் இரண்டு பையன்கள் "உள்ள நம்மாளு, உள்ள நம்மாளு" என்று கத்தினார்கள். அவர்கள் முகத்திலும் அடி விழுந்தது. டிராக்டரைத் தள்ளிப் பார்த்தோம். கியரில் போட்டு லிவரையும் பூட்டியிருந்தார். நகரவில்லை.

"சாவியக் குடு மாமா" என்று எங்கள் கேப்டன் வயலில் இறங்கினான்.

"எவனையும் போவ விடமாட்டேன்." இந்தக் கெஞ்சலை வாழ்நாள் முழுக்கக் கேட்டவர் அவர். சந்துமுனையில், பஸ் படியில், லாரிக்கு முன்னால். யார் எதற்காகக் கேட்டாலும் அது அவர் காதுக்குப் போக விடுங்கள் என்ற ஒரே பேச்சுதான்.

கேப்டன் டிராக்டரிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்துவந்து அவர் மணிக்கட்டில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தத்தை நான் கேட்டேன். விரல்கள் பிரியவில்லை. இன்னொரு முறை அடித்தான். அவர் முகத்தைத் திருப்பி அவனைப் பார்த்தார். கடலோரத்துப் பையன் ஒருவன் மீன் கத்தியோடு பாய்ந்து, அரைஞாண் கயிற்றை அறுத்தான். கயிறு இறுகிக் கிடந்தது. கத்தி சதையோடுதான் போனது. சாவி ரத்தத்தில் வழுக்கி நெல் அடியில் விழுந்தது. நான்கு பேர் மண்டியிட்டுத் தேடினார்கள்.

பாலத்தின்மேல் யாரோ வேனின் பின்கதவை முழுக்கத் திறந்துவிட்டார்கள். அவர் கிடந்த இடத்திலிருந்து உள்ளே தெரிந்திருக்க வேண்டும். சட்டை எண். தொங்கிய கை.

அவர் விரல்கள் தாமாகப் பிரிந்தன. நான் பார்த்து, அவர் தாமாக எதையும் விட்டது அந்த ஒருமுறைதான்.

சாவியைக் கண்டெடுத்து, டிராக்டரைப் பின்னுக்கு எடுத்து, வேன் போனது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று என்னை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள், டாக்டர் உட்பட. எல்லாவற்றையும் குறித்து வைக்கிறவன் நான். கையில் கடிகாரம் கட்டியிருந்தேன். பார்க்கவில்லை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து திருவாரூர், அங்கிருந்து தஞ்சாவூர். மண்டையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். பையன் பிழைத்தான். வலது கையும் வலது காலும் வரவில்லை. பேச்சு பாதி வந்தது. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை, எல்லோரிடமும் சொல்கிற குரலில்.

அவர் ஆஸ்பத்திரிக்கு உள்ளே வரவில்லை. கையில் மாவுக்கட்டோடு வாசல் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். போகிறவர் வருகிறவர் யாரையும் அவர் தடுக்கவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவர் தங்கை வெளியே வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அவனுவ கேட்டப்ப சாவி எங்கண்ணே இருந்துச்சு?"

அவர் சட்டையைத் தூக்கினார். கயிறு இருந்த இடத்தில் தையல் ஓடியிருந்தது. தங்கை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அங்கதான் இருந்துச்சா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மருமகன் இப்போது மாமன் வீட்டில்தான் இருக்கிறான். காலையில் அவனைக் குளிப்பாட்டுவது அவர்தான். சரியாக ஒட்டாத அந்த மணிக்கட்டோடு அவனைத் தூக்குவார். வலிக்கும் என்பது முகத்தில் தெரியும். இடது கையால் சாப்பிடப் பழகிக்கொள்கிறேன் என்று பையன் சொல்கிறான். அவர் ஊட்டுகிறார்.

போட்டி நாட்களில் அவனை நாற்காலியோடு என் மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார். அவன் இடது கையால் புள்ளி அட்டையைத் திருப்புவான். பிறகு அவர் டிராக்டரைப் பாலத்தைத் தாண்டி ஓட்டிப்போய், ரோட்டோரம், திருத்துறைப்பூண்டியைப் பார்த்து நிறுத்துவார். பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஒரு மெத்தை. என்ஜினை அணைக்க மாட்டார். கடைசி விசில் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். அவர் ஸ்டியரிங்கில் கைவைத்து மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

இதை எழுதத் தொடங்கியதற்குக் காரணம் வேறொன்று. அந்தப் பொங்கலுக்குப் பிறகு எங்கள் அணி ரோட்டோர மைதானத்தில் தோற்கவே இல்லை. ஆட்கள் பழைய ஆட்கள்தான். முதல் பாட்டுக்காரன்கூட இல்லாத அணி. வெளியூர் போனால் இப்போதும் தோற்கிறார்கள். ஆனால் அந்த நாளின் கதை எங்களுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விட்டது, போகிற வழியில் வளர்ந்தும் விட்டது. ஜெயித்தவர்களின் டிரைவரைக் கொன்றே போட்டார் என்கிறார்கள். வயிற்றைக் கிழித்தும் பிடியை விடவில்லை என்கிறார்கள். பாடப் போகிற வெளியூர்ப் பையன் நடுக்கோட்டைத் தாண்டும்போது ரோட்டோரம் உறுமிக்கொண்டிருக்கும் டிராக்டர் அவன் கண்ணுக்கு நேரே தெரிகிறது.

போன மாதப் போட்டியில் வெளியூர் அணியின் கேப்டன் என் மேசைக்கு வந்தான். சின்ன வயசு. மரியாதையாகத்தான் கேட்டான்.

"அண்ணே, அந்த டிராக்டர அணைக்கச் சொல்லுங்கண்ணே. எங்க பயலுவ ஒரு மாதிரி இருக்கானுவ."

நான் பாலத்தைத் தாண்டிப் போனேன். டீசல் புகைக்குள் அவர் உட்கார்ந்திருந்தார். சாவி டிராக்டரிலேயே, அதன் துளையில் இருந்தது.

"அணைக்கலாமாண்ணே? டீசல் வீணாவுது."

"ஓடட்டும் ஸ்கோரு." பார்வை மைதானத்தைவிட்டு நகரவில்லை. "அணைச்சுட்டா திரும்பக் கெளப்ப நேரமாவும். எந்த ஊருப் புள்ள விழுந்தாலும் ஒடனே போவணும்."

திரும்பி வந்தேன். "அணைக்க மாட்டாராம் தம்பி" என்றேன். மீதியையும் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவன் டிராக்டரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டான். விசில் ஊதியது. முதல் பாட்டுக்கு அவனே வந்தான். நடுக்கோட்டிலிருந்து நான்கு எட்டு வைப்பதற்குள் எங்கள் பையன்கள் அவன் காலைப் பிடித்துவிட்டார்கள்.

பக்கத்தில் மருமகன் இடது கையால் அட்டையைத் திருப்பினான். நான் புள்ளியை எழுதினேன்.